பேரனை அறியாத பாட்டனார்

புதிய கணினியிலே பழைய லினக்ஸைக் குடியேற்றிய கதை

பழைய வீட்டின் திறப்பு புதிய வீட்டின் பூட்டைத் திறவாது. இஃது எல்லோரும் அறிந்த உண்மை. ஆயினும், கணினி என்று வந்துவிட்டால் இவ்வுண்மையை நாம் எளிதிலே மறந்துவிடுகின்றோம். "பழைய கணினியிலே ஓடிய மென்பொருள்தானே? புதியது அதனிலும் வேகமானது, ஆகவே அதிலே இன்னும் நன்றாக ஓடும்" என்று எண்ணுகின்றோம். நாமும் அவ்வாறு எண்ணியவர்களே. 2024 ஆம் ஆண்டிலே எமது கல்லூரி நூல்நிலையத்தில் நேர்ந்த ஒரு சிறு விபத்து அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. அதிலே நாம் கற்ற பாடம் மாணவர்க்கும், வீட்டிலே கணினி வைத்திருக்கும் பெற்றோர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

ஒன்பது ஆண்டு உழைப்பு

எமது நூல்நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த அம்மையார் 2015 ஆம் ஆண்டு தொடக்கம் நூற்பட்டியலைக் கணினியிலே தட்டச்சுச் செய்து வந்தார். பாடசாலை விட்ட பின்னரும் ஒரு மணி நேரம் இருந்து, ஒவ்வொரு நூலாக எடுத்துத் தூசி தட்டி, பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, அட்டையின் நிலை ஆகிய அனைத்தையும் பதிந்து வைப்பார். அட்டை கிழிந்து பெயர் மறைந்துபோன பழைய நூல்களுக்கு, முதியோரைக் கேட்டு அறிந்து பெயர் எழுதியதும் உண்டு. அந்தப் பட்டியலிலே நூல்களின் பெயர்கள் மட்டுமன்றி, அவருடைய ஒன்பது ஆண்டு வாழ்வும் இருந்தது எனல் மிகையாகாது.

அவர் தட்டியது பாமினி எழுத்துருவிலே. இலங்கையிலே தமிழ்த் தட்டச்சுப் பழகியவர்களுக்குப் பாமினியை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. அதிலே கண்ணுக்குத் தோன்றும் வடிவம் தமிழ். கணினியின் உள்ளே சேமிக்கப்படுவதோ ஆங்கில எழுத்துக்கான குறி. 'ஏ' என்னும் முதலாம் ஆங்கிலச் சிற்றெழுத்தின் இடத்திலே யகரமும், 'எம்' என்னும் சிற்றெழுத்தின் இடத்திலே அகரமும் அமர்ந்திருக்கும். ஆகவே, பாமினியிலே தட்டிய பெயர்களை வரிசைப்படுத்துமாறு சாதாரணக் கணினியைப் பணித்தால், அகரத்துக்கு முன்னே யகரம் வந்து நிற்கும்!

இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே எமது பழைய மாணவன் ஒருவன் பைதன் என்னும் நிரல்மொழியிலே ஒரு சிறு செயலியை ஆக்கிக் கொடுத்திருந்தான். பாமினிப் பெயர்களைத் தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்கவும், தேடவும் அது வல்லது. ஆனால், அவன் எழுதியது பைதனின் இரண்டாம் பதிப்பிலே. 2008 ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, எழுத்துக்களைக் கையாளும் முறையே மாறிற்று. இரண்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல் மூன்றாவதிலே பெரும்பாலும் அப்படியே ஓடாது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவும் 2020 ஜனவரி முதலாந் தேதியுடன் முடிவுற்றது. மேலும், பட்டியல் முழுவதையும் அச்செயலி தனக்கே உரிய ஒருவகைக் கோப்பிலே சேமித்து வைத்தது. செயலி ஓடினாலன்றிக் கோப்பை வாசித்தல் அரிது.

மாணவன் கடல் கடந்து போய்விட்டான். போகுமுன், 2018 ஆம் ஆண்டிலே, அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 18.04 என்னும் லினக்ஸ் வெளியீட்டை நிறுவி, அதன்மேல் தன் செயலியை ஓடவிட்டுச் சென்றான். ஆறு ஆண்டுகள் குறையொன்றுமின்றி ஓடியது. பின்னர் ஒரு நாள் மின்சாரம் நின்று மீண்டும் வந்த வேளையிலே, கணினியின் தாய்ப்பலகை கருகிப்போயிற்று.

"என்ரை ஒன்பது வருஷமும் போச்சுதோ, சேர்?" என்று அம்மையார் கேட்டார். அவர் அவ்வாண்டு இறுதியிலே ஓய்வு பெறவிருந்தவர். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

முதல் முயற்சி

தாய்ப்பலகை போனாலும் வன்தட்டுப் பிழைத்திருந்தது. பெற்றார் ஒருவர் நன்கொடையாக ஒரு புதிய கணினி வாங்கிக் கொடுத்தார். இன்ரெல் நிறுவனத்தின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி பூண்டது அது. பழைய வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியிலே பூட்டிவிட்டால் கருமம் முடிந்தது என்று எண்ணினோம். லினக்ஸிலே இவ்வாறு செய்வது மூடத்தனமும் அன்று. பல சமயங்களில் அது பிழையின்றி எழுந்து ஓடும்.

இம்முறை எழவில்லை. காரணம் யாது? பழைய கணினிகளிலே, மின்சாரம் பாய்ந்தவுடன் முதலிலே கண்விழிப்பது பயோஸ் என்னும் அடிப்படை நிரல். அது வன்தட்டின் முதற் கூற்றைப் படித்து, அங்கே கண்டதை இயக்கும். புதிய கணினிகளிலே அதனிடத்தை யு.ஈ.எவ்.ஐ. என்னும் நிரல் பிடித்துக்கொண்டது. அது வேறொரு முறையிலே, தனியானதொரு பகுதியிலே, தனக்குரிய கோப்பைத் தேடும். பல ஆண்டுகளாக இரண்டு முறைகளையும் ஏற்கும் கணினிகளே வெளிவந்தன. 2020 ஆம் ஆண்டளவிலே பழைய முறையைக் கைவிடப் போவதாக இன்ரெல் 2017 இலே அறிவித்தது. எம்மிடம் வந்த கணினியிலே அப்பழைய முறை இல்லை. வீடு இருந்தது, வாசலைத்தான் காணவில்லை.

ஆயினும், ஒரு நன்மை விளைந்தது. வேறொரு கணினியிலே அந்த வன்தட்டைக் கொழுவி, கோப்புகள் அனைத்தையும் பிரதி செய்துகொண்டோம். வாசகர்களே, இத்தகைய முயற்சியிலே இறங்குவோர் யாவரும் முதலிலே செய்ய வேண்டியது இதுவே. பிரதி எடுக்குமுன் வேறெதனையும் தொடல் ஆகாது.

பாட்டனாரும் பேரனும்

இனி, பழைய லினக்ஸைப் புதிய கணினியிலே புதிதாகவே நிறுவுவது என்று தீர்மானித்தோம். அதன் இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு லினக்ஸின் பிறப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1991 ஆம் ஆண்டிலே, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திலே கற்றுக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது இளைஞர், தம்மிடமிருந்த 386 வகைக் கணினிக்கென ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதனை உலகுக்கு அறிவித்தபோது, தம்மிடம் உள்ள வகை வன்தட்டையன்றி வேறெதனையும் அது ஒருபோதும் ஆதரிக்காமற் போகலாம் என்று தாமே கூறியிருந்தார். அஃது அடக்கத்தினாலே கூறியது மட்டுமன்று, உண்மையும் அதுவே. தான் கண்ட கருவியைத்தானே ஒருவன் இயக்க முடியும்?

இன்று லினக்ஸ் எண்ணற்ற கருவிகளை அறியும். ஆனால் அடிப்படை மாறவில்லை. இயங்குதளத்தின் நடுவிலே உட்கரு என்ற பகுதி உண்டு. ஆங்கிலத்திலே கேர்ணல் என்பர். வன்பொருளோடு பேசுவது அதன் வேலை. திரை, வலையமைப்பு அட்டை, ஒலிக்கருவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இயக்கி என்னும் மொழிபெயர்ப்பாளன் அதனுள்ளே இருப்பான்.

எந்தக் கருவிக்கு எந்த இயக்கி என்பதை உட்கரு எவ்வாறு அறியும்? கருவிகள் ஒவ்வொன்றும் இரண்டு எண்களைத் தாங்கியுள்ளன. ஒன்று ஆக்கிய நிறுவனத்தின் எண். மற்றொன்று கருவியின் எண். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் போல. இன்ரெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978 இலே வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுவே என்பது சுவையான செய்தி. ஒவ்வோர் இயக்கியிடமும் தான் அறிந்த எண்களின் பட்டியல் இருக்கும். கருவி சொல்லும் எண் பட்டியலில் இருந்தால் இயக்கி அதனைப் பொறுப்பேற்கும். இல்லையேல், கருவி அங்கிருந்தும் இல்லாததாகவே கருதப்படும்.

பாட்டனார் ஒருவர் வெளியூர் சென்று, பல ஆண்டுகளின் பின் திரும்புகின்றார். அவர் போன பின்னர் பிறந்த பேரன் படலையிலே நிற்கின்றான். "ஆரடா தம்பி நீ?" என்று அவர் கேட்டாற் குற்றமாகுமா? பாட்டனாரின் கண்ணிலே கோளாறில்லை, பேரனிடத்திலும் குறையில்லை. அறிமுகம் நடைபெறவில்லை; அவ்வளவே. 2018 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டுவின் உட்கரு 4.15 ஆம் இலக்கமுடையது. எமது கணினியின் செயலித் தலைமுறையோ 2021 இன் இறுதியிலே பிறந்தது.

மூன்று சனிக்கிழமைகள்

உயர்தர வகுப்பு மாணவர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முயற்சியைத் தொடங்கினோம்.

முதலாஞ் சனிக்கிழமை, 18.04 ஐப் பென் டிரைவ் ஒன்றிலே ஏற்றிக் கணினியை எழுப்பினோம். லினக்ஸின் சிறப்புகளில் ஒன்று, வன்தட்டிலே எதனையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பது. திரை ஒளிர்ந்தது. மாணவர் ஆர்ப்பரித்தனர். ஆனால், அது நிறைவான வெற்றியன்று. திரையை இயக்கும் பகுதி இன்னதென்று உட்கருவுக்குத் தெரியவில்லை. கணினி எழும்போது யு.ஈ.எவ்.ஐ. விரித்துவைத்த திரையை அப்படியே இரவல் வாங்கி எழுதிக்கொண்டிருந்தது. திரையின் அளவை மாற்ற இயலவில்லை. சாளரத்தை இழுத்தால் மாட்டு வண்டி போல அசைந்து அசைந்து வந்தது. சேமிப்புத் தட்டு தெரிந்தது, என்.வி.எம்.ஈ. என்னும் அவ்வகைத் தட்டுக்கான இயக்கி 2012 ஆம் ஆண்டிலேயே லினக்ஸிலே சேர்ந்துவிட்டமையே காரணம். வலையமைப்போ அறவே இல்லை.

கருவிகளின் எண்களைக் காட்டும் கட்டளையைத் தட்டினோம். வலையமைப்பு அட்டை றியல்ரெக் நிறுவனத்தினது, எண் 8125. உட்கருவின் பட்டியலிலே அவ்வெண் இல்லை. அன்று மாலை வெறுங்கையுடன் வீடு திரும்பினோம்.

இரண்டாஞ் சனிக்கிழமை ஒரு புதிய செய்தியோடு வந்தோம். உபுண்டுவின் நீண்ட கால வெளியீடுகளுக்குப் பின்னர், அவற்றின் திருத்திய பதிப்புகளும் வெளிவரும். மேலுள்ள பயன்பாட்டு மென்பொருள்கள் பழையனவாகவே இருக்க, உட்கருவை மட்டும் புதியதாக மாற்றி வைப்பார்கள். புதிய வன்பொருளிலே பழைய வெளியீட்டை நிறுவ விரும்புவோர்க்கென்றே செய்த ஏற்பாடு அது. 2020 ஓகஸ்ட் மாதத்தில் வந்த 18.04.5 இலே உட்கருவின் இலக்கம் 5.4. அவ்வுட்கருவிலே 8125 என்னும் எண் உண்டு!

நம்பிக்கையுடன் நிறுவினோம். நிறுவலும் முடிந்தது. வலையமைப்பு மட்டும் மீண்டும் இல்லை. உட்கரு தன் நாட்குறிப்பிலே எழுதி வைத்திருந்ததைப் படித்தோம். 'அறியாத சில்லு' என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. பின்னரே விளங்கிற்று: 8125 என்ற எண்ணின் கீழே இரண்டு பிறப்புகள் உள. முதலாவதை 5.4 அறியும். எம்மிடம் இருந்தது 'பி' என்னும் இரண்டாம் பிறப்பு. அதனை 5.9 இலிருந்துதான் லினக்ஸ் அறியும். குடும்பப் பெயரைக் கேட்டுப் படலையைத் திறந்த பாட்டனார், முகத்தைப் பார்த்ததும் மீண்டும் சாத்திக்கொண்டார்.

சில்லை ஆக்கிய நிறுவனமே அதற்கான இயக்கியின் மூல நிரலை வழங்குகின்றது. அதனை எடுத்து எமது உட்கருவுக்கு ஏற்பத் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் தொகுப்பதற்குச் சில கருவி மென்பொருள்கள் வேண்டும். அவற்றைப் பெற வலையமைப்பு வேண்டும். வலையமைப்புக்கோ இயக்கி வேண்டும்! கலியாணம் முடிந்தாற் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தாற் கலியாணம் முடியும் என்ற கதையாயிற்று.

நாம் தலையிலே கை வைத்திருந்தபோது மாணவருள் இளையவன் மெல்ல, "சேர், என்ரை போனை ஒருக்காக் கொழுவிப் பாப்பமோ?" என்றான். கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. வடத்தினாலே கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் வசதியைத் திறந்தான். கைத்தொலைபேசி தன்னை ஒரு வலையமைப்பு அட்டை என்று அறிவித்துக்கொண்டது. அவ்வகை அட்டையைப் பழைய உட்கருக்களும் நன்கு அறியும். கணினி உடனே இணையத்தைத் தொட்டது. ஆசிரியர் மாணவரிடம் கற்பதற்கு வெட்கப்படல் ஆகாது என்பதை அன்று மீண்டும் உணர்ந்தோம்.

மூன்றாஞ் சனிக்கிழமை இயக்கியைத் தொகுத்தோம். அது தொகுந்தது, ஆனால் உட்கரு ஏற்க மறுத்தது. காரணம், செக்கியூர் பூட் என்னும் காவல் ஏற்பாடு. நம்பத்தக்கவர் ஒப்பமிட்ட நிரல்களை மட்டுமே கணினி எழும்போது உள்ளே விட வேண்டும் என்பது அதன் நோக்கம். நாமே தொகுத்த இயக்கியிலே யாருடைய ஒப்பமும் இல்லை. இரண்டு வழிகள் உண்டு: காவலையே நிறுத்திவிடுவது ஒன்று, எமக்கென ஓர் ஒப்பத் திறவுகோலை ஆக்கி, அதனைக் கணினியிலே பதிந்து, அதனாலே ஒப்பமிடுவது மற்றொன்று. இரண்டாவதே முறையானது. அதனைச் செய்து முடித்தபோது மாலை ஐந்து மணி. வலையமைப்பு வந்தது. பைதனின் இரண்டாம் பதிப்பும் வந்தது. பாமினிப் பட்டியல் திரையிலே விரிந்தது. அம்மையாரின் கண்களிலே நீர் தளும்பியது.

வென்றும் வெல்லவில்லை

இவ்விடத்திலே கதையை முடித்திருந்தால் இனிதாயிருக்கும். ஆனால், இரண்டு வாரங்கள் சென்றதும் வலையமைப்பு மீண்டும் மறைந்தது. உட்கருவிலே ஒரு சிறு திருத்தம் வந்து, கணினி தானாகவே அதனை ஏற்றுக்கொண்டிருந்தது. நாம் தொகுத்த இயக்கியோ முந்திய உட்கருவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, புதியதற்குப் பொருந்தவில்லை. உட்கரு மாறுந்தோறும் இயக்கியைத் தானாகவே மீண்டும் தொகுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதனை நாம் செய்யத் தவறியிருந்தோம். தவறு எம்முடையதே.

இதனிலும் பெரிய கவலை ஒன்று இருந்தது. உபுண்டு 18.04 க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2023 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. அதன் பின்னரும் திருத்தங்களைப் பெறுவதற்கு உபுண்டு புரோ என்னும் தனித் திட்டத்திலே பதிவு செய்தல் வேண்டும். திருத்தம் பெறாத இயங்குதளத்தை இணையத்தோடு தொடுத்து வைத்தல், பூட்டில்லாத வீட்டிலே நகையை வைப்பதை ஒக்கும். திரையும் மாட்டு வண்டியாகவே இருந்தது. ஓய்வு பெறும் அம்மையாருக்குப் பின் வருபவர், இவ்வளவு ஒட்டுப்போட்ட கணினியை எவ்வாறு காப்பாற்றுவார்?

ஒருவழிப் பாதை

அன்றிரவு சிந்தித்தபோதுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி எமக்குத் தோன்றியது. எமக்கு வேண்டியது பழைய லினக்ஸ் முழுவதுமா? அல்லவே! அம்மையாரின் செயலி வலையமைப்பு அட்டையையோ திரைச் சில்லையோ அறியாது. அதற்கு வேண்டியது பைதன் இரண்டும் அதனைச் சார்ந்த சில நூலகங்களுமே. வன்பொருளுக்கு வேண்டியதோ புதிய உட்கரு. பழையது ஓரிடத்திலே வேண்டும்; புதியது வேறோரிடத்திலே வேண்டும். நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே லினக்ஸின் ஒரு கோட்பாடு எமக்குக் கைகொடுத்தது. உட்கருவை எவ்வளவு மாற்றினாலும், அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த பழைய செயலிகளை உடைத்தல் ஆகாது என்பதிலே டோர்வால்ட்ஸ் மிகவும் கண்டிப்பானவர். ஆகவே, புதிய உட்கரு பழைய செயலியை ஏற்கும். பழைய உட்கருவோ புதிய வன்பொருளை அறியாது. பேரன் பாட்டனாரின் பேச்சை விளங்கிக்கொள்வான்; பாட்டனாருக்குத்தான் பேரனைத் தெரியாது. பாதை ஒருவழியே செல்கின்றது. நாம் அதிலே எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தோம்.

எனவே, 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04 ஐ நிறுவினோம். அதன் உட்கரு 6.8. திரை, வலையமைப்பு, ஒலி யாவும் கேளாமலே ஓடின. ஒரு மணி நேரமும் செல்லவில்லை. அதிலே பைதன் இரண்டாம் பதிப்பு இல்லை. ஆகவே அதனுள்ளே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அந்தக் கணினிக்குள்ளே 18.04 ஐ நிறுவினோம்.

மெய்நிகர் கணினி என்பது யாது? அது நாடக மேடையிலே எழுப்பிய வீடு போன்றது. கதவும் யன்னலும் தட்டியிலே வரைந்தவை. எனினும் நடிகனுக்கு அது வீடே. புதிய கணினியின் உள்ளே, மென்பொருளினாலேயே ஒரு பழைய கணினியின் தோற்றம் ஆக்கப்படுகின்றது. அதிலே உள்ள வலையமைப்பு அட்டை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸ் அறிந்த இன்ரெல் அட்டை ஒன்றின் போலி. பழைய உட்கரு கண்விழித்துப் பார்க்கின்றது. எங்கும் பழகிய முகங்கள்! மகிழ்ச்சியோடு வேலையைத் தொடங்குகின்றது. வெளியே இருக்கும் மெய்யான கருவிகளைப் புதிய உட்கரு கவனித்துக்கொள்கின்றது. உள்ளிருக்கும் பழைய இயங்குதளத்தை இணையத்தோடு தொடுக்காமல் விட்டோம். அதனால் பாதுகாப்புக் கவலையும் நீங்கிற்று. பாட்டனாரைப் புதிய தெருவிலே நடமாட விடாமல், அவருக்குப் பழகிய அறையிலே அமர்த்திவிட்டோம்.

பெரியோர் சென்ற வழி

இஃது ஏதோ ஏழைக் கல்லூரியின் சாக்குப்போக்கு என்று எவரும் எண்ண வேண்டா. சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரருகே உள்ள சேர்ண் என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையமும் இவ்வழியையே கைக்கொண்டது. அங்கு சி.எம்.எஸ். என்னும் பரிசோதனையிலே 2010 இலே திரட்டிய தரவுகளை, 2014 நவம்பரிலே உலக மாணவர்க்கெல்லாம் திறந்துவிட்டார்கள். அத்தரவுகளை ஆராயும் மென்பொருள் ஒரு பழைய லினக்ஸ் வெளியீட்டின் மேலேயே ஓடும். அவர்கள் என் செய்தனர்? அப்பழைய லினக்ஸை உள்ளடக்கிய ஒரு மெய்நிகர் கணினியையே தரவோடு சேர்த்து வழங்கினர். பேரண்டத்தின் நுண்பொருளை ஆராய்பவர்க்கும், பாமினியில் நூற்பட்டியல் வைத்திருப்பவர்க்கும் இடர் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

வேறொரு வழியும் உண்டு. றெட் ஹற் நிறுவனம் 2014 இலே வெளியிட்ட ஏழாம் வெளியீட்டின் உட்கரு இலக்கம் 3.10. ஆதரவுக் காலத்திலே அந்த இலக்கத்தை மாற்றாமல், புதிய இயக்கிகளை அதனுள்ளே பொருத்திக் கொடுத்து வந்தார்கள். பெரிய நிறுவனங்கள் அதனை நாடியமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, உட்கருவின் இலக்கத்தை மட்டும் பார்த்து, இது இக்கருவியை அறியாது என்று முடிவு கட்டலும் தவறு.

மாணவர்க்குச் சில வார்த்தைகள்

பழைய லினக்ஸ் ஒன்றைப் புதிய கணினியிலே நிறுவ வேண்டிய தேவை உங்களுக்கும் நேரலாம். அப்பொழுது கீழ்வருவனவற்றை மனத்திற் கொள்க.

முதலாவது, தரவுகளைப் பிரதி செய்க. இரண்டாவது, எப்பகுதி பழையதாக இருத்தல் வேண்டும் என்று உங்களையே கேளுங்கள். செயலி மட்டுமே பழையதாயின், புதிய வெளியீட்டை நிறுவி, அதனுள்ளே மெய்நிகர் கணினியை அமைத்தலே சாலச் சிறந்தது. பழைய ஆய்வுகூடக் கருவி ஒன்றை நேரடியாக இயக்க வேண்டியது போன்ற தேவை இருந்தாலன்றி, பழையதை வெறும் வன்பொருளின்மேல் நிறுவ முயல வேண்டா.

மூன்றாவது, நேரடியாகவே நிறுவ நேரிட்டால், அவ்வெளியீட்டின் கடைசித் திருத்தப் பதிப்பையே எடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு, திரை, வலையமைப்பு, ஒலி ஆகியவற்றைப் பரீட்சித்த பின்னரே வன்தட்டைத் தொடுங்கள். நான்காவது, கருவியின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை எந்த இலக்க உட்கரு அறியும் என்று தேடுங்கள். எடுத்துக்காட்டாக, இன்ரெலின் ஏ.எக்ஸ். 200 என்னும் வைபை அட்டைக்கு உட்கரு 5.1 உம், ஏ.எக்ஸ். 210 க்கு 5.10 உம் வேண்டும்.

ஐந்தாவது, சேமிப்புத் தட்டே தெரியவில்லையாயின் அஞ்ச வேண்டா. புதிய மடிக்கணினிகள் பலவற்றிலே வி.எம்.டி. என்னும் ஏற்பாட்டின் பின்னே தட்டு மறைந்திருக்கும். அடிப்படை நிரலின் அமைப்புப் பக்கத்திலே அதனை நிறுத்தினாற் பெரும்பாலும் தட்டு வெளிப்படும். ஆனால், அக்கணினியிலே விண்டோஸ் முன்னரே இருந்தால், இந்த மாற்றத்தின் பின் அது எழாமற் போகலாம். ஆகவே அவதானம் வேண்டும். ஆறாவது, வலையமைப்பு இல்லாதவிடத்துக் கைத்தொலைபேசியை மறவாதீர்கள்.

விடைபெற்ற நாள்

மெய்நிகர் கணினியைத் திறந்து காட்டியபோது, அம்மையார் சாளரத்தினுள்ளே தோன்றிய பழைய திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இது என்ரை பழைய கொம்பியூட்டர் தானே?"

"பழையதுதான், ரீச்சர். வீடுதான் புதிது" என்றோம்.

ஆயினும் அத்துடன் நாம் நின்றுவிடவில்லை. மெய்நிகர் கணினியும் என்றென்றும் நிலைப்பதன்று. செயலி ஓடும் நிலையிலே இருந்தபோதே, பட்டியல் முழுவதையும் வெளியே எடுத்தோம். அம்மாணவர் இருவரும் கிழமை நாட்களிலே மாலை வேளைகளில் இருந்து, பாமினியை யூனிகோட்டாக மாற்றும் ஒரு சிறு நிரலை எழுதினர். எந்தக் கணினியும் எந்த இயங்குதளமும் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாகப் பட்டியல் இப்பொழுது இருக்கின்றது. ஒரு பிரதி நூல்நிலையத்திலே. ஒன்று அலுவலகத்துப் பெட்டகத்திலே. மற்றொன்று கடல் கடந்து வாழும் அப்பழைய மாணவனிடத்திலே.

பொருள்கள் பழையனவாதல் இயல்பு. கணினியும் பழுதாகும், இயங்குதளமும் முதுமை எய்தும், இன்று புதியது என்று நாம் வாங்குவதும் பத்தாண்டுகளிலே பாட்டனாராகும். அதனைத் தடுக்க எவராலும் ஏலாது. ஆனால், மனித உழைப்பை ஒரே பொறியோடும் ஒரே செயலியோடும் பிணைத்து வைப்பதும் வையாமல் விடுவதும் எமது கையிலே உள்ளது. அதனை மறந்தமையே எமது குற்றம், தாய்ப்பலகை கருகியதன்று.

ஓய்வு பெறும் நாளன்று அம்மையார் கடைசியாக ஒரு நூலைப் பட்டியலிலே சேர்த்தார். அட்டை கிழிந்து, முதற் பக்கமும் இழந்த ஒரு பழைய நூல். அதன் பெயரை அவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். யூனிகோட்டிலே தட்ட அவருக்குப் பழக்கமில்லை. விரல்கள் பாமினியின் இடங்களையே தேடின. இளைய மாணவன் அருகிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொடுத்தான். அவரும் பொறுமையோடு கேட்டுத் தட்டி முடித்தார்.